எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை: மயக்கம் தெளிந்து கண் விழிக்கும்போது நடப்பது என்ன? குடும்பத்தார் அறிய வேண்டியவை



புதுச்சத்திரம், ராசிபுரம், நாமக்கல் பகுதிக் குடும்பங்களிலும் இப்போது எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு சாதாரணமாகிவிட்டது. சர்க்கரை கட்டுக்குள் வராதவர்கள், மூட்டு வலியால் சுஜூது செய்ய முடியாதவர்கள், இரவில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருபவர்கள் எனப் பலரும் சேலத்துக்கும் கோவைக்கும் சென்று ஆலோசனை கேட்கிறார்கள். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்துப் பெண்களில் 40 சதவீதத்தினரும் ஆண்களில் 37 சதவீதத்தினரும் அதிக எடையோடு இருக்கிறார்கள். ஆகவே இது யாரோ ஒருவர் வீட்டுப் பிரச்சினை அல்ல.

சிகிச்சைக்கு முன் என்ன செய்ய வேண்டும் என்பதை மருத்துவர்கள் விளக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள். மயக்கம் தெளிந்த பிறகு வரும் முதல் சில மணி நேரங்களைப் பற்றித்தான் குடும்பத்தாருக்கு ஒன்றும் தெரிவதில்லை. சாதாரணமாக வரும் வலியைக் கண்டு பதறுகிறோம். பதற வேண்டிய அறிகுறியை "ஆபரேஷன் செய்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். இந்த இரண்டு தவறும் நேராமல் இருக்கவே இக்கட்டுரை. இது மருத்துவரின் அறிவுரைக்கு மாற்று அல்ல. அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை அறிந்துகொள்ள ஒரு துணை.

இது ஆகுமான சிகிச்சைதானா?

அழகுக்காக மட்டும் உடலை மாற்றுவது வேறு, நோய்க்கு மருந்து தேடுவது வேறு. நோயைத் தந்த அல்லாஹ் அதற்கு நிவாரணத்தையும் தந்திருக்கிறான், ஆகவே சிகிச்சை செய்துகொள்ளுங்கள் என்ற கருத்தில் அபூதாவூதில் நபிமொழி உள்ளது. உடல் பருமன் சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய், கல்லீரல் கொழுப்பு ஆகியவற்றுக்கு வழிவகுக்கும் ஒரு நோய். உணவு முறை, உடற்பயிற்சி, மருந்து ஆகியவற்றை முயன்றும் பயனில்லாதபோது, தகுதியுள்ள மருத்துவரின் ஆலோசனைப்படி அறுவை சிகிச்சை செய்துகொள்வதை அறிஞர்கள் பலர் அனுமதிக்கிறார்கள். உங்கள் நிலைக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

"வாயைக் கட்டினால் போதாதா, இதற்கு எதற்கு கத்தி?" என்று உறவினர்கள் கேட்பார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு பெரும்பாலும் இரைப்பையின் மேல்பகுதியில்தான் உருவாகிறது. எடை குறையக் குறைய அந்தச் சுரப்பு கூடி, உடல் பழைய எடைக்கே திரும்பப் பார்க்கும். ஆகவே மன உறுதி இல்லாததுதான் காரணம் என்று ஒருவரைப் பழிப்பது நியாயமல்ல.

என்ன செய்கிறார்கள்?

பெரும்பாலும் இரண்டு முறைகள். ஒன்று, ஸ்லீவ்: இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை நீக்கிவிட்டு, மீதியை நீளமான குழாய் போல் ஆக்குவது. மற்றொன்று, பைபாஸ்: இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு சிறு பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைப்பது. இரண்டும் வயிற்றில் நான்கைந்து சிறு துளைகள் இட்டு, கேமரா உதவியோடு செய்யப்படுகின்றன. அறுவை சிகிச்சை மட்டும் ஒன்று முதல் மூன்று மணி நேரம் ஆகலாம். மயக்கம் கொடுக்கும் நேரம், தெளியும் நேரம் இரண்டையும் சேர்த்தால், வெளியே காத்திருப்பவர்களுக்கு நான்கைந்து மணி நேரம் கழியும். "ஒரு மணி நேரம்தான் என்றார்கள், இன்னும் வரவில்லையே" என்று பதற வேண்டாம்.

கண் விழிக்கும் நேரம்

அறுவை முடிந்ததும் நோயாளியை நேராக வார்டுக்குக் கொண்டுவர மாட்டார்கள். மயக்கம் தெளியும் அறையில் வைத்துக் கவனிப்பார்கள். தூக்கத்தில் மூச்சுத் தடை உள்ளவர்களையும் எடை மிக அதிகமாக உள்ளவர்களையும் முதல் இரவு தீவிர சிகிச்சைப் பிரிவில் வைப்பதும் உண்டு. ஐ.சி.யூ. என்றதும் ஏதோ ஆகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். முன்னெச்சரிக்கையாகவே அப்படி வைக்கிறார்கள்.

முதலில் திரும்புவது செவியுணர்வு. யாரோ பெயர் சொல்லி அழைப்பதும், மூச்சை இழுத்து விடுங்கள் என்பதும் தூரத்திலிருந்து கேட்பது போல் இருக்கும். தொண்டைக்குள் இருந்த மூச்சுக் குழாயை அந்த நேரத்தில்தான் எடுப்பார்கள். பெரும்பாலோருக்கு அது பிறகு நினைவில் இருப்பதில்லை. தொண்டைக் கரகரப்பு மட்டும் ஓரிரு நாள் இருக்கும்.

உடல் நடுங்கும், குளிரும். மயக்க மருந்தாலும் அறுவை அரங்கின் குளிராலும் வருவது அது. போர்வை போர்த்தி, வெதுவெதுப்பான காற்று கொடுத்தால் சரியாகும். சிலர் காரணமில்லாமல் அழுவார்கள். சிலர் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பார்கள். அதுவும் மருந்தின் விளைவுதான். அந்த நேரத்தில் அவர்கள் சொன்னதை வைத்து பிறகு கேலி செய்யாதீர்கள்.

உடலில் பல இணைப்புகள் இருக்கும். முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க், கையில் டிரிப்ஸ், விரல் நுனியில் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் கிளிப், மார்பில் இதயத் துடிப்புக்கான ஒட்டிகள், கால்களில் இறுக்கமான காலுறை அல்லது காற்று நிரம்பி இறங்கும் உறை. சிலருக்குச் சிறுநீர்க் குழாயும் வயிற்றிலிருந்து வரும் டிரெயின் குழாயும் இருக்கும். டிரெயினில் முதலில் சிவப்பு கலந்த நீர் சிறிதளவு வருவது வழக்கம். தெளிவான இரத்தம் நிறைய வந்தால் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். தலைப்பக்கம் உயர்த்திய நிலையில்தான் படுக்க வைத்திருப்பார்கள்; மூச்சு எளிதாக வர அதுவே உதவும். கட்டிலைத் தாழ்த்த வேண்டாம்.

எங்கே வலிக்கும்?

துளையிட்ட இடங்களில் எரிச்சலும் வயிற்றில் இறுக்கமும் இருக்கும். பலரையும் குழப்புவது தோள்பட்டை வலி. "வயிற்றில்தானே ஆபரேஷன், தோள் ஏன் வலிக்கிறது? இதயமா?" என்று பயப்படுகிறார்கள். அறுவையின்போது இடம் கிடைப்பதற்காக வயிற்றுக்குள் கரியமில வாயுவை நிரப்புகிறார்கள். அது உதரவிதானத்தை உறுத்துகிறது. உதரவிதானத்தின் நரம்பும் தோள்பட்டை உணர்வும் கழுத்துத் தண்டுவடத்தின் ஒரே பகுதியோடு தொடர்புள்ளவை என்பதால் வலி தோளில் தெரிகிறது. எழுந்து நடந்தால் இரண்டு மூன்று நாளில் குறையும். ஆனால் நெஞ்சு வலியோடு மூச்சுத் திணறலும் சேர்ந்தால் அது வேறு. உடனே சொல்ல வேண்டும்.

குமட்டலும் வாந்தியும் குறிப்பாக ஸ்லீவ் செய்தவர்களுக்கு முதல் நாளில் அதிகம். அதற்கு மருந்து உண்டு, கேட்டு வாங்குங்கள். வலியைப் பொறுத்துக்கொள்வது நல்லது என்று வாய் திறக்காமல் இருப்பது இங்கே பயன்படாது. வலி இருந்தால் ஆழமாக மூச்சு விட மாட்டோம், நடக்க மாட்டோம்; அதனால் நுரையீரலில் சளி கட்டும், காலில் இரத்தம் உறையும். வலி பூஜ்யத்திலிருந்து பத்து வரை எவ்வளவு என்று செவிலியர் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

அன்றே நடக்க வேண்டும்

மயக்கம் தெளிந்த சில மணி நேரத்தில், பெரும்பாலும் அன்று மாலையே, எழுந்து நிற்கவும் நாலடி நடக்கவும் சொல்வார்கள். "இப்போதுதானே வந்தார், தூங்கட்டும்" என்று குடும்பத்தார் தடுப்பதுண்டு. அது அன்புதான், ஆனாலும் தவறு. இந்தச் சிகிச்சைக்குப் பின் உயிருக்கு ஆபத்தானவற்றுள் முக்கியமானது, கால் நரம்பில் உறைந்த இரத்தம் நுரையீரலுக்குச் செல்வது. அதைத் தடுப்பது நடையும் இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசியும்தான். மூன்று பந்துகள் உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியைத் தந்தால், விழித்திருக்கும் நேரத்தில் மணிக்குப் பத்து முறையாவது இழுக்கச் சொல்லி நினைவூட்டுங்கள்.

அந்த ஊசியைப் பற்றி நம் குடும்பங்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பரவலாகப் பயன்படும் ஹெப்பாரின், எனாக்ஸாபாரின் ஆகியவை பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுபவை. வேறு வழி இல்லாத நிர்பந்தத்தில் இத்தகைய மருந்துக்கு அறிஞர்கள் அனுமதி தருகிறார்கள். ஃபோண்டபாரினக்ஸ் என்ற செயற்கை மருந்தும் உண்டு; அது உங்களுக்குப் பொருந்துமா என்பதை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். அறுவை முடிந்த பின் இதைக் கேள்விப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் ஊசியை மறுத்துவிடாதீர்கள். அது உயிரோடு விளையாடுவது.

தண்ணீர்: அன்பு ஆபத்தாகும் இடம்

கண் விழித்தவர் முதலில் கேட்பது தண்ணீர்தான். நாக்கு வறண்டு, உதடு ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் இருக்கும் தாய்க்கோ மனைவிக்கோ மனம் தாங்காது. இருந்தாலும் மருத்துவர் அனுமதிக்கும் வரை ஒரு சொட்டும் கூடாது. நனைத்த பஞ்சால் உதட்டைத் துடைக்கலாம். அனுமதி வந்த பிறகும், பதினைந்து நிமிடத்துக்கு சுமார் 30 மில்லி என்ற அளவில், சிறு மூடியில் ஊற்றி, உறிஞ்சி உறிஞ்சித்தான் குடிக்க வேண்டும். ஜம்ஜம் தண்ணீரும் இதே அளவில்தான். யாராவது ஃபிளாஸ்க்கில் டீயோ இளநீரோ கொண்டுவந்தால், கேட்காமல் தர வேண்டாம். புதிதாகத் தைத்த இரைப்பை வீங்கியிருக்கும் நேரம் அது.

பிறகு ஏறக்குறைய இரண்டு வாரம் திரவ உணவு, அடுத்த இரண்டு வாரம் மசித்த உணவு, பின்னர் மென்மையான உணவு என்று படிப்படியாகச் செல்லும். மருத்துவமனை தரும் அட்டவணையே இறுதியானது. நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் தேவை. மசித்த உணவுக் கட்டத்தில் முட்டை பெரிய உதவி; ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. நாமக்கல்காரர்களுக்கு முட்டையைத் தேட வேண்டியதில்லை. வலிமா விருந்துக்கு அழைத்து, "ஒரு வாய் பிரியாணி சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்" என்று வற்புறுத்துவதை உறவினர்கள் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

சர்க்கரை மருந்து

சர்க்கரை நோயாளிகளுக்கு அறுவை முடிந்த ஒரு சில நாட்களிலேயே, எடை குறையும் முன்பே, சர்க்கரை இறங்கத் தொடங்கிவிடும். பழைய அளவிலேயே இன்சுலினும் மாத்திரையும் தொடர்ந்தால் தாழ்சர்க்கரை வந்து மயங்கி விழ நேரிடும். வீட்டுக்கு வரும்போது எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும், எதைக் குறைக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். இரத்த அழுத்த மாத்திரைக்கும் இது பொருந்தும். வலிக்கு மருந்துக் கடையில் டைக்ளோஃபினாக், புரூஃபன் போன்றவற்றைச் சுயமாக வாங்கிப் போடாதீர்கள். இரைப்பையில் புண் வரும்.

தொழுகை

மயக்க மருந்தால் ஒளு முறிந்துவிடும். மயக்கத்தில் தவறிய வக்துகளைத் தெளிந்ததும் களாவாக நிறைவேற்ற வேண்டும். நின்று தொழ முடியாதவர் உட்கார்ந்தும், அதற்கும் இயலாதவர் படுத்தும் தொழலாம் என்று இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியது புகாரியில் பதிவாகியுள்ளது. குனியும்போது வயிறு இழுத்தால் ருகூவையும் சுஜூதையும் சைகையால் செய்யலாம்.

காயங்கள் வயிற்றில்தான் இருப்பதால், பெரும்பாலோரால் ஒளு செய்ய முடியும். டிரிப்ஸ் ஊசி ஒட்டியிருக்கும் இடத்தில் தண்ணீர் படாமல் ஈரக் கையால் தடவிக்கொள்ளலாம். தண்ணீர் பயன்படுத்தவே கூடாத நிலை என்றால் தயம்மும் இருக்கிறது. சிறுநீர்க் குழாய் உள்ளவர் ஒவ்வொரு வக்து நுழைந்த பின்னும் ஒளு செய்து தொழ வேண்டும். டிரெயின் வழியாக இரத்தம் வருவது ஒளுவை முறிக்குமா என்பதில் ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளுக்கு இடையே வேறுபாடு உண்டு. புதுச்சத்திரத்திலிருந்து சேலம் சுமார் 40 கிலோமீட்டர்தான் என்பதால் அங்கே பயணிக்கான சலுகைகள் வராது. கோவைக்குச் சென்றால் வரலாம். இவற்றை முன்கூட்டியே ஆலிமிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டால், மருத்துவமனையில் குழப்பம் இராது.

பெண்கள் செவிலியர் பெண்ணாக இருக்க வேண்டும் என்றும், உடலை இயன்றவரை மூடி வைக்க வேண்டும் என்றும் முன்பே கேட்கலாம். அறுவை அரங்கின் தொப்பி தலைமுடியை மறைத்துவிடும்; கண் விழித்ததும் போர்த்த ஒரு தாவணியை வார்டில் கொடுத்து வையுங்கள். கையில் கருமையான மருதாணியோ நகப்பூச்சோ இருந்தால் விரல் கிளிப் சரியாகக் காட்டாமல் போகலாம். ஒரு விரலையாவது விட்டு வையுங்கள்.

ரமளான் நோன்பு

நோயாளி நோன்பைத் தள்ளிவைத்து, குணமான பின் நோற்கலாம் என்பது குர்ஆன் தந்த சலுகை. ஒரே மூச்சில் தண்ணீர் குடிக்க முடியாத ஒருவர் பதினான்கு மணி நேரம் நீரின்றி இருந்துவிட்டு இரவில் ஈடுகட்ட முடியாது. ஆகவே முதல் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை நோன்பைத் தவிர்க்கச் சொல்லும் மருத்துவர்களே அதிகம். பைபாஸ் செய்தவர் பின்னாளில் நோன்பு நோற்றாலும், இஃப்தாரில் பேரீச்சம்பழமும் சர்பத்தும் ஒன்றாகச் சேர்ந்தால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரலாம். ஒரு பழத்தோடு நிறுத்தி, சற்று இடைவெளி விட வேண்டும். இரைப்பையில் மூன்றில் ஒரு பங்கு உணவு, ஒரு பங்கு நீர், ஒரு பங்கு மூச்சு என்ற நபிவழியை இவர்கள் வாழ்நாள் முழுவதும் பேண வேண்டியிருக்கிறது.

இவை தெரிந்தால் காத்திருக்கக் கூடாது

அனுபவமுள்ள மையங்களில் இச்சிகிச்சையால் உயிரிழப்பு ஆயிரத்தில் ஒருவர் முதல் மூவர் என்ற அளவில்தான். ஆனால் அந்த ஒருவர் யார் என்பது முன்பே தெரியாது. இரைப்பைத் தையலில் கசிவு ஏற்பட்டால், சில வேளைகளில் கடும் வலிக்கு முன்பே இதயத் துடிப்பு வேகமாகிவிடும். வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்களில் இவற்றைக் கவனியுங்கள்:

• ஓய்வாக இருக்கும்போதும் நாடித் துடிப்பு 120-க்கு மேல் நீடிப்பது
• காய்ச்சல், குளிர் நடுக்கம்
• குறையாமல் கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி
• மூச்சுத் திணறல், நெஞ்சு வலி
• ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும்
• இரத்த வாந்தி, கறுத்த மலம்
• தண்ணீர்கூடத் தங்காத தொடர் வாந்தி, சிறுநீர் குறைதல்

இதில் ஒன்று இருந்தாலும் இரவு என்று பார்க்காமல் அறுவை செய்த மருத்துவமனையை அழையுங்கள். நிலைமை மோசமென்றால் 108. பக்கத்தில் உள்ள கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம். பல நாள் வாந்தி எடுத்தவருக்கு வைட்டமின் பி1 குறைந்திருக்கும். அதைத் தராமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளையும் நரம்பும் பாதிக்கப்படலாம். எந்த மருத்துவரிடம் சென்றாலும் முதல் வார்த்தையாக, "இவருக்கு எடைக் குறைப்பு ஆபரேஷன் ஆகியிருக்கிறது" என்று சொல்லுங்கள். உறவினர்களிடம் மறைக்க நினைப்பவர்களும் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

மருத்துவமனையைத் தேர்வு செய்யும் முன்

2024 ஏப்ரலில் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் இந்தச் சிகிச்சைக்குச் சென்ற புதுச்சேரி இளைஞர் உயிரிழந்தார். அரசு விசாரணை நடந்து, அந்த மருத்துவமனையின் அனுமதி தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. அந்தக் குடும்பத்தின் துயரம் நமக்கு ஒரு பாடம். குறைந்த கட்டணம் என்ற ஒன்றை மட்டும் பார்க்காமல், இவற்றைக் கேளுங்கள்: இந்த மருத்துவர் இதே அறுவையை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்? வென்டிலேட்டரோடு கூடிய தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் உள்ளதா? இரவில் மயக்கவியல் மருத்துவர் இருப்பாரா? தூக்கத்தில் மூச்சுத் தடை உண்டா என்று சோதித்தார்களா? வீட்டுக்குச் சென்றபின் அழைக்க எந்த எண்?

தகுதியையும் அறிந்துகொள்ளுங்கள். 2022-இல் வெளியான உலகளாவிய வழிகாட்டுதல், ஆசிய மக்களுக்கு பி.எம்.ஐ. 27.5-ஐத் தாண்டினாலே இச்சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்கிறது. ஆனால் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2019 விதிப்படி, பி.எம்.ஐ. 40-க்கு மேல் இருந்தாலோ, 35-க்கு மேல் இருந்து கடுமையான இணைநோய் இருந்தாலோதான் பாலிசியில் இச்செலவு ஏற்கப்படும். மருத்துவர் தகுதி என்று சொல்வதும் காப்பீடு பணம் தருவதும் ஒன்றல்ல. முன்பே எழுத்தில் கேளுங்கள்.

அதன் பிறகு

மூன்று முதல் ஆறு மாதத்தில் முடி உதிரும். பெரும்பாலும் திரும்ப வளரும். இரும்பு, கால்சியம், பி12, டி வைட்டமின்கள் வாழ்நாள் முழுவதும் தேவை. ஜெலட்டின் கேப்ஸ்யூலில் தயக்கம் இருந்தால் மாத்திரையாகவோ சிரப்பாகவோ கேளுங்கள், எடுக்காமல் விட்டுவிடாதீர்கள். பெண்கள் 12 முதல் 18 மாதம் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். புதிதாக மணமானவர்கள் இதைக் கணவரோடும் மாமியாரோடும் முன்பே பேசிவிடுவது நல்லது.

முதல் சில வாரங்களில் "ஏன் செய்தோம்" என்ற வருத்தம் பலருக்கும் வரும். உணவோடு இருந்த உறவு ஒரே நாளில் மாறியதால் வரும் துக்கம் அது. அப்போது அவர்களுக்குத் தேவை அறிவுரை அல்ல. மாலையில் கூட நடக்க ஒரு துணை, மருந்து நேரத்தை நினைவூட்ட ஒருவர், அவர்கள் முன்னால் தட்டை நிரப்பிக்கொண்டு உட்காராத ஒரு குடும்பம். இவை இருந்தால் போதும்.

சிகிச்சைக்குச் செல்லும் நம் சகோதர சகோதரிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்து, மீண்டும் சஃப்பில் நின்று தொழும் ஆற்றலை வழங்குவானாக. ஆமீன்.